யூபோனியத்துக்கு எந்த ஸ்பிரிங்? காரைக்குடிப் பட்டறையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

டிசம்பர் 26 காலை, கடை திறக்கும் முன்பே பேண்டு செட் மாஸ்டர் வாசலில் நின்றார். சாக்குப் பைக்குள் யூபோனியம், பேண்டில் பேஸ் வாசிக்கும் பெரிய பித்தளைக் குழல். கூடவே அதை வாசிக்கும் பையன், மாஸ்டரின் தங்கச்சி மகன். முந்தின நாள் விடியற்காலைக் கிறிஸ்துமஸ் பவனியில் இரண்டாம் வால்வு அமுங்கியது அமுங்கியபடியே நின்றுவிட்டதாம். பாதிப் பாட்டை ஒரே சுரத்தில் ஊதி ஒப்பேற்றியிருக்கிறான்.

"தம்பி, இருக்கிற ஸ்பிரிங் பத்தல. இன்னும் முறுக்கா மூணு போட்டுக் குடுங்க" என்றார் மாஸ்டர்.

"மாமா, இதுக்கு மேல முறுக்கா போட்டா என்னால வாசிக்க முடியாது மாமா. இப்பவே விரலு மரத்துப் போவுது" என்றான் பையன்.

வால்வு ஏறவில்லை, ஆனால் ஸ்பிரிங் விரலை நோகடிக்கிறது. இரண்டும் ஒரே கருவியில் இருக்கிறது என்றால் கோளாறு ஸ்பிரிங்கில் இல்லை. அதை அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். நானும் சொல்லவில்லை. ஸ்பிரிங்கிலேயே இரண்டு நாள் மெனக்கெட்டேன். அந்தத் தவறையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

கருவியின் கதை

முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடை ஒன்றில் மாஸ்டர் பல வருஷம் முன்பு வாங்கியது. பர்மா, மலாயா என்று போய்வந்த குடும்பங்களின் வீடுகளிலிருந்து எனாமல் தூக்கும் கிராமபோனும் இறங்கும் அந்தத் தெருவில் யூபோனியம் கிடைத்ததில் ஆச்சரியமில்லை. மணியின் (குழலின் விரிந்த வாய்) மேல் 'இங்கிலாந்தில் செய்தது' என்ற எழுத்து மட்டும் தெரிகிறது. செய்தவர் பெயர், மாடல் எண் எல்லாம் பாலீஷ் போட்டுப் போட்டே அழிந்துவிட்டன. மூன்று வால்வு. ஒவ்வொன்றும், விரலால் அமுக்கினால் கூட்டுக்குள் இறங்கும் துளை போட்ட ஒரு பிஸ்டன். விரலை எடுத்ததும் அதை மேலே தூக்குவது பிஸ்டனுக்குக் கீழே, அடி மூடிக்குள் உட்காரும் ஸ்பிரிங்.

பெயரும் மாடலும் தெரிந்த கருவியாக இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. அந்த மாடலுக்கான செட்டை வரவழைத்துப் போட்டுவிடலாம். மீரட்டில் செய்த கருவி என்றாலும் கேட்டு வாங்க வழி இருக்கிறது. பெயரில்லாத கருவிக்கு அளந்துதான் தேட வேண்டும். சிலர் ட்ரம்பெட் ஸ்பிரிங்கை வாங்கி நுழைத்துப் பார்ப்பார்கள். ட்ரம்பெட் பிஸ்டன் சின்னது, லேசு. அந்தச் சுருள் இந்தக் கூட்டுக்குள் தொளதொளவென்று ஆடும், ஓரம் உரசும், கனத்த பிஸ்டனைத் தூக்கவும் செய்யாது.

இதற்கு முன் நடந்தவை: ஐப்பசியில் இரண்டாம் வால்வு மந்தமானது. பையன் மூன்று ஸ்பிரிங்கையும் கழற்றிக் கையால் இழுத்து நீட்டினான். பத்து நாள் நன்றாக இருந்து, மறுபடி மந்தம். பிறகு வெளியூர்ப் பட்டறை ஒன்றில் 'நல்ல முறுக்கான' ஸ்பிரிங் சுற்றி வாங்கினார்கள். வால்வு ஏறியது, விரல் நோக ஆரம்பித்தது. நல்லவேளை, பழைய மூன்றையும் பொட்டலம் கட்டி வைத்திருந்தார்கள். இழுத்து நீட்டிய பழைய ஸ்பிரிங் குப்பை மாதிரித்தான் இருக்கும். ஆனால் கருவியைச் செய்தவர் என்ன நினைத்தார் என்பதற்கு அதுதான் சாட்சி. எறிந்துவிடாதீர்கள்.

அளந்தது

செட்டிநாட்டில் கல்யாணச் சாமானை ஊசி முதல் எழுதி வைப்பார்கள். அதே பழக்கத்தில் நானும் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதினேன்.

பிஸ்டன், தண்டு, பொத்தான் சேர்த்து எடை 105 கிராம். மூன்றுக்கும் இடையே இரண்டொரு கிராம் வித்தியாசம். பிஸ்டன் மேலே நிற்கும்போது ஸ்பிரிங் உட்காரும் இடத்தின் நீளம் 42 மி.மீ. முழுக்க அமுக்கினால் 24. ஆக ஓட்டம் 18 மி.மீ. சுருளின் விட்டம், கம்பியின் நடுவிலிருந்து நடுவுக்கு, 16 மி.மீ. வேலை செய்யும் சுற்று 12, அது போக இரண்டு முனையிலும் ஒவ்வொரு மூடிய சுற்று.

கேஜ் நம்பர் குறையக் குறையக் கம்பி தடிக்கும். பழைய ஸ்பிரிங்கின் கம்பி 22 கேஜ், அதாவது 0.711 மி.மீ. பட்டறையில் போட்டது 21 கேஜ், 0.813 மி.மீ. இரண்டும் துருப்பிடிக்காத எஃகு. பத்தில் ஒரு பங்கு மில்லிதான் வித்தியாசம். கண்ணால் பார்த்தால் தெரியாது, வெர்னியர் வைத்தால்தான் தெரியும்.

இந்தப் பத்தில் ஒரு பங்கில்தான் விஷயமே இருக்கிறது. ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் படியாக ஏறும். சுருள் விட்டத்தின் மும்மடியாகக் குறையும். சுற்று கூடக் கூட அதே விகிதத்தில் குறையும். 22-லிருந்து 21-க்குப் போனால் தடிமன் 14 சதவீதம்தான் கூடுகிறது. விறைப்போ 70 சதவீதம் கூடிவிடுகிறது. 'ஒரு நம்பர்தானே கூட' என்று பட்டறையில் நினைத்திருப்பார்கள். ஒரு நம்பர் என்பது ஏறக்குறைய முக்கால் ஸ்பிரிங்கைக் கூடுதலாக வைத்ததற்குச் சமம்.

நிறுத்துப் பார்க்கச் சமையலறைத் தராசு போதும். ஸ்பிரிங்கைத் தட்டில் செங்குத்தாக வைத்து, வளையாமல் இருக்க உள்ளே ஒரு பென்சிலை நிறுத்தி, பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு 42 வரை அமுக்கி ஒரு எடை, 24 வரை அமுக்கி இன்னொரு எடை. புதிய 21 கேஜ் ஸ்பிரிங் 42-இல் 375 கிராம், 24-இல் 515 கிராம் காட்டியது. பிஸ்டன் எடை 105-ஐக் கழித்தால், வாசிப்பவனின் விரல் 270-இல் ஆரம்பித்து 410 கிராமில் முடிக்கிறது. இதை மூன்று மணி நேரம் நடந்துகொண்டே செய்ய வேண்டும். பேஸ் வாசிப்பவனுக்கு ஓய்வு கிடையாது. கிளாரினெட் நிறுத்தினாலும் இவன் 'பூம் பூம்' நிற்காது.

பொட்டலத்தில் இருந்த பழைய ஸ்பிரிங்குகளில் இரண்டாம் வால்வினுடையது தளர்ந்து 80 மி.மீ. நீளத்தில் இருந்தது. ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 4.6 கிராம் கொடுத்தது. 42-இல் 174 கிராம். பிஸ்டன் எடை போக மேலே தூக்குவதற்கு மிஞ்சுவது 69 கிராம்தான்.

என் தவறு

முறுக்கைக் குறைக்க 21 கேஜ் ஸ்பிரிங்கில் நான்கு சுற்றை வெட்டினேன். இந்தத் தொழிலில் எல்லோரும் ஒரு தடவையாவது செய்யும் காரியம் இது. வெட்டியதும் நீளம் 90-லிருந்து 61 ஆனது. 42-இல் சுமார் 220 கிராம். 'அடடா, சரியாக வந்துவிட்டதே' என்று மாட்டினேன். பையன் நாலு சுரம் வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். அமுக்க ஆரம்பிக்கும்போது லேசு, அடியில் போகும்போது கல் மாதிரி இருக்கிறது என்றான். தராசில் வைத்தேன். 24-இல் 430 கிராம். சுற்றுகள் குறைந்ததில் விறைப்பு ஒன்றரை மடங்காகியிருந்தது. மேலே 220, கீழே 430 என்றால் ஒரே அமுக்கலுக்குள் பாரம் இரட்டிப்பாகிறது. வெட்டினால் ஸ்பிரிங் இளகும் என்பது நம் கை சொல்லும் பொய். குட்டையாகும், அவ்வளவுதான்; மிச்சமிருப்பது முன்னைவிட முரடு.

இழுத்து நீட்டுவதும் இதே வகைதான். கம்பியை அதன் தாங்குசக்திக்கு மேல் இழுத்தால்தான் நீண்டு நிற்கும். அப்படி இழுத்த கம்பி வேலையில் மறுபடி படிந்துவிடும். ஒவ்வொரு சுற்றும் ஒவ்வொரு இடைவெளியில் நிற்பதால் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூட்டை உரசும்.

ஸ்பிரிங் இல்லாமல் ஒரு சோதனை

மூன்றாம் நாள்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அடி மூடியையும் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு, கருவியை நேராகப் பிடித்து, பிஸ்டனை விட்டேன். கீழே கை வைத்துக்கொண்டுதான். ஒன்றும் மூன்றும் தயங்கித் தயங்கி இறங்கின. இரண்டாவது இம்மி இம்மியாகத்தான் ஊர்ந்தது. தன் எடையில் கூட ஒழுங்காக இறங்காத பிஸ்டனை எந்த ஸ்பிரிங் காப்பாற்றும்?

உராய்வு எவ்வளவு என்று கணக்கெடுக்க ஒரு வழி உண்டு. 21 கேஜ் ஸ்பிரிங் ஒன்றை மாட்டி, பொத்தான் மேல் ஒரு பிளாஸ்டிக் டம்ளரை ஒட்டி, பச்சரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். பாதி ஓட்டத்தைத் தாண்டி இறங்க 420 கிராம் ஆனது. பிறகு அரிசியை எடுத்துக்கொண்டே வந்தால், அதே இடத்தில் மேலேறத் தொடங்கியபோது மிஞ்சியது 260. இரண்டுக்கும் வித்தியாசம் 160. அதில் பாதி, 80 கிராம், உராய்வு.

இப்போது கணக்கு நேரானது. பழைய ஸ்பிரிங் உச்சியில் கொடுத்த மிச்ச விசை 69. உராய்வு 80. ஆக பிஸ்டன் உச்சிக்குப் போகாமல் இரண்டரை மில்லி கீழேயே நின்றுவிடும். துளைகள் ஒன்றோடொன்று பொருந்தாது, சத்தம் அடைத்தாற்போல வரும். ஐப்பசியில் 'மந்தம்' என்று அவர்கள் சொன்னது இதைத்தான். 270 கொடுக்கும் ஸ்பிரிங்கைப் போட்டதும் 80 மறைந்துபோனது. நோய் அப்படியே இருக்க, மேலே ஒரு துணியைப் போர்த்தியாயிற்று.

அந்த 80 எங்கிருந்து வந்தது? பிஸ்டனைத் துடைத்த துணியில் பச்சையாகப் பிசுபிசுப்பு. தேங்காய் எண்ணெய். அதிலுள்ள கொழுப்பமிலம் பித்தளையோடு சேர்ந்து களிம்பாகிறது. ரோட்டுச் செம்மண் தூசியும் அதில் ஒட்டிக்கொள்கிறது. போதாக்குறைக்குத் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும். மார்கழி விடியலில் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாத எண்ணெய், வால்வுக்குள் மட்டும் ஓடுமா? பவனி அன்று முறுக்கு ஸ்பிரிங்கும் தோற்றது அதனால்தான்.

இன்னொன்றும் இருந்தது. அடி மூடியின் நடுவே ஒரு சின்னத் துளை இருக்கும். எச்சில் தண்ணீர் வடியவும், பிஸ்டன் ஏறி இறங்கும்போது காற்று போய்வரவும். இரண்டாம் மூடியில் அந்தத் துளையைக் காய்ந்த பாலீஷ் அடைத்திருந்தது. துளை அடைத்தால் பிஸ்டனுக்கு அடியில் காற்று சிக்கிக்கொள்ளும். சைக்கிள் பம்பின் முனையை விரலால் மூடிக்கொண்டு அடிப்பது போல. ஊசியால் குத்தியதும் போய்விட்டது. அரை நிமிஷ வேலை.

கழுவித் துடைத்து, மெல்லிய வால்வு எண்ணெய் விட்டு, மறுபடி அரிசியைப் போட்டேன். 352, 328. உராய்வு 12 கிராம். பழைய தளர்ந்த ஸ்பிரிங்கையே மாட்டியிருந்தாலும் வால்வு உச்சிக்குப் போயிருக்கும்.

அப்படியானால் மாற்று ஸ்பிரிங் எதற்கு?

நல்ல கேள்வி. மாஸ்டரே கேட்டார். ஓடும், ஆனால் வேகமாக ஓடாது என்பது பதில். 69 கிராமில் 12 போக மிஞ்சும் 57 கிராம், 105 கிராம் பிஸ்டனை நிதானமாகத்தான் தூக்கும். துரித நடையில் அடுத்த சுரத்துக்குள் மேலே வந்து சேராது. தவிர, வெயிலில் அரை நாள் ஊதி எச்சிலும் தூசியும் சேர்ந்தால் உராய்வு 12-லேயே நிற்காது. மிச்சம் கொஞ்சம் வேண்டும். எவ்வளவு மிச்சம் என்பதுதான் ஸ்பிரிங் தேர்வு. என்னைக் கேட்டால், வால்வை ஒவ்வொரு தடவையும் தவறாமல் உச்சிக்குக் கொண்டுவரும் ஸ்பிரிங்குகளில் எது மிக லேசோ அதுதான் சரி. அமுக்கத் தொடங்குகையில் விரலுக்குத் தெரியும் பாரம் பிஸ்டன் எடையளவு, அதாவது நூறு சொச்சம் கிராம், இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். இது நிமிர்ந்து நிற்கும் வால்வுக்கான கணக்கு. வால்வு சாய்ந்திருக்கும் டியூபாக்களில் (யூபோனியத்தைவிடப் பெரிய பேஸ் குழல்) பிஸ்டனின் முழு எடையும் ஸ்பிரிங்கின் மேல் இறங்காது. பதிலுக்குப் பக்கச் சுவரில் உராய்வு கூடும். அங்கே அரிசி டம்ளர் வேலைக்காகாது, சின்னத் தொங்கு தராசால்தான் இழுத்துப் பார்க்க வேண்டும்.

மூன்று விதமாகச் செய்து பார்த்தேன்.

முதலாவது, துருப்பிடிக்காத எஃகு, 22 கேஜ், 12 சுற்று, நீளம் 90. உச்சியில் 219 கிராம், அடியில் 302. விரலுக்கு 114-லிருந்து 197 வரை.

இரண்டாவது பாஸ்பர் பிரான்ஸ், அதாவது பாஸ்பரஸ் கலந்த வெண்கலம். இந்த உலோகத்தின் விறைப்பு, எஃகோடு ஒப்பிட்டால் சுமார் அறுபது சதவீதம்தான். ஆகவே அதே பலம் வேண்டுமானால் கம்பி ஒரு நம்பர் தடிமனாக வேண்டும்: பிரான்ஸில் 21 என்பது எஃகில் 22-க்குக் கிட்டத்தட்டச் சமம். 88 மி.மீ. நீளத்தில் உச்சியில் 224, அடியில் 312. கம்பி மதுரையிலிருந்து வந்து சேரப் பத்து நாள் ஆனது.

மூன்றாவது என் ஆசைக்காக. எஃகு 23 கேஜ், 0.61 மி.மீ., நீளம் 110. உச்சியில் 169, அடியில் 213. முழு ஓட்டத்துக்கும் பாரம் 44 கிராம்தான் ஏறுகிறது. அமுக்கினால் வெண்ணெய். பையன் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் 16 மி.மீ. சுருளுக்கு 110 மி.மீ. நீளம் என்பது ஒல்லிப்பிச்சான் கணக்கு. அமுக்கும்போது நடுவில் வளைந்து சுவரை உரசியது, வால்வு ஒவ்வொரு தடவையும் 'கிர்ர்' என்றது. அரைமணி நேரத்தில் சுருளின் இடுப்பில் பளபளவென்று தேய்மானக் கோடு. மனமில்லாமல் கழற்றினேன்.

பிரான்ஸா எஃகா என்று தேர்ந்தெடுக்க வேண்டியதுதான் பாக்கி. சத்தம் போடாமல் இருப்பதில் பிரான்ஸ் ஒரு படி மேல், அதன் தொடுகை மெத்தென்று இருக்கும். துரு என்ற பேச்சே இல்லை. அடியில் ஸ்பிரிங் உள்ள கருவியில் அது சின்ன விஷயம் அல்ல, ஸ்பிரிங் எச்சில் தண்ணீரிலேயே குடியிருக்கிறது. சாதாரணப் பியானோக் கம்பியில் சுற்றியதை இங்கே போடவே கூடாது. ஆனால் பிரான்ஸ் சீக்கிரம் தளரும். இழுத்துவிட்டால் அதோடு சரி. இந்தக் கருவி போகுமிடமோ டெம்போவின் பின்புறம், கல்யாணக் கொட்டகை, பஸ் ஸ்டாண்டு. கழற்றி மாட்டுபவன் இருபது வயதுப் பையன். ஸ்பிரிங்கைக் கண்டால் அவன் கை இழுக்கத்தான் போகும். எஃகு 22 கேஜ் என்று முடிவு செய்தேன். வீட்டில் பெட்டிக்குள் வைத்து வாசிக்கிற கருவியாக இருந்தால் பிரான்ஸ்தான் போட்டிருப்பேன்.

மூன்றாம் வால்வுக்கு மட்டும் நீளத்தை 86 ஆகக் குறைத்தேன். மோதிர விரல் மற்ற இரண்டைப் போலப் பலமானது அல்ல. உச்சியில் 201 கிராம் வந்தது. மூன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மூன்று விரலுக்கும் ஒரே மாதிரித் தோன்ற வேண்டும், அது வேறு.

சுற்றும்போது கவனித்தவை

லேத்தில் சுற்றும் தண்டு, வேண்டிய உள்விட்டத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். விட்டவுடன் கம்பி விரிந்துகொள்ளும். எவ்வளவு சிறியது என்பது சுற்றிப் பார்த்துத்தான் தெரியும், எனக்கு மூன்று சுருள் வீணானது. சுற்றிய பிறகு சுமார் 350 டிகிரியில் அரைமணி நேரம் சூடேற்றினேன். பிறகு சுற்றோடு சுற்று முட்டும்வரை ஐந்தாறு தடவை அமுக்கிவிட்டு, அதன் பிறகே நீளம் அளந்தேன். முதல் அமுக்கலில் இரண்டொரு மில்லி படியும். படிந்த பிறகு உள்ள நீளம்தான் நிஜ நீளம்.

முட்டும் நீளத்தையும் பார்க்க வேண்டும். 14 சுற்று, கம்பி 0.711 என்றால் பத்து மி.மீ. கூடக் குறையாமல் முட்டும். நமக்கு இருப்பது 24, கவலையில்லை. தடித்த கம்பியில் நிறைய சுற்று வைத்தால் பிஸ்டன் அடியைத் தொடுமுன் ஸ்பிரிங் முட்டிக்கொள்ளும். துளைகள் பொருந்தாமல், வால்வு அழுத்தின சுரங்கள் மட்டும் கெட்டுப்போகும். அப்போது எல்லோரும், வால்வு மோதி நிற்கும் மெத்தையான ஃபெல்ட்டை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

முனைகளை மூடி, அரைத்து, எண்ணெய்க்கல்லில் தேய்த்து வழவழப்பாக்கினேன். அமுங்கும்போது ஸ்பிரிங் லேசாகச் சுழலப் பார்க்கும். முனை கூர்மையாக இருந்தால் மூடியில் குத்தி நின்று, அந்த முறுக்கைப் பிஸ்டனுக்குக் கொடுக்கும். பிஸ்டனோ கைடு தடுப்பதால் சுழல முடியாமல் ஒரு பக்கமாக அழுத்தித் தேயும். இரண்டு முனையிலும் மிளகளவு கிரீஸ் வைத்தேன்.

பிறகு

தை, மாசி முகூர்த்தங்கள் முடிந்து, சித்திரையில் கருவியைப் பார்க்கக் கேட்டு வாங்கினேன். முதல் இரண்டும் 90-லிருந்து 89 ஆகியிருந்தன, மூன்றாவது அப்படியே 86. இரண்டாம் வால்வின் உராய்வு 20 கிராமுக்கு ஏறியிருந்தது. துடைத்து எண்ணெய் விட்டதும் இறங்கியது. தேவகோட்டையில் ஒரு சாந்திக் கல்யாணத்துக்கு வாசித்தபோது ஆச்சி ஒருவர், இந்தத் தடவை பெரிய குழல்காரத் தம்பி விரலை உதறவே இல்லையே என்று கேட்டாராம். பையன் சொல்லிச் சிரித்தான்.

பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: எஃகு 22 கேஜ், 16 விட்டம், 12 சுற்று, நீளம் 90 - 90 - 86, மூடித் துளையை மாதம் ஒரு முறை ஊசியால் குத்தவும், தேங்காய் எண்ணெய் கூடாது.

கிளம்பும்போது மாஸ்டர் டெம்போவிலிருந்து சூசாஃபோனை (உடம்பைச் சுற்றித் தோளில் மாட்டும் பெரிய பேஸ் குழல்) இறக்கச் சொன்னார். அதன் வால்வும் மந்தமாம், ஸ்பிரிங் மாற்ற வேண்டுமாம். பிஸ்டனை உருவினேன். வாசனை வந்ததும் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"யூபோனியத்துக்குத்தானே வேணாம்னீங்க தம்பி" என்றார்.